வெறுங் காணியும் தரகுக் கூலியும்

தலைமுறை தலைமுறையாய் லயத்தில் வாழ்ந்த நம்மவர், கொட்டகலையிலும் அட்டனிலும் பத்துப் பேர்ச் காணியேனும் சொந்தமாக்கிக்கொள்ள விழைகின்றனர். விற்பவரையும் வாங்குபவரையும் இணைப்பவர் தரகர். அவருக்குரிய கூலி எவ்வளவு?

நம் நாட்டில் அது பேச்சுப்படியே. விலையில் நூற்றுக்கு இரண்டு, மூன்று என்பது வழக்கம். பேர்ச் இரண்டு இலட்சமாகப் பத்துப் பேர்ச் விற்றால், நூற்றுக்கு மூன்று வீதம் தரகு 60,000 ரூபா. அமெரிக்காவில் வீட்டுக்கு ஐந்தாறு வீதம் பெறுவோர், வெறுங் காணிக்குப் பத்து வரை கேட்பதுண்டு. விலை குறைவு, அலைச்சல் மிகுதி என்பதே காரணம்.

இருபுறமும் தரகு வாங்குவோரும், உடையவர் சொன்ன விலைக்குமேல் வைத்து மிச்சத்தை எடுத்துக்கொள்வோரும் உளர். ஆதலின், யார், எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளல் நன்று. நேர்மையான தரகருக்கும் அதுவே காப்பு.

இன்னொன்று: 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளுடன் முடிக்கப்படாத காணி விற்பனை செல்லாது. தரகர் தரும் துண்டுச் சீட்டு உறுதியாகாது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாகி, கம்பனிகள் குத்தகைக்கு வைத்துள்ள தோட்டக் காணியை விற்கத் தரகருக்கு உரிமையே இல்லை.

ஆகவே, காணிப் பதிவகத்தில் தேடிப் பார்த்த பின் முற்பணம்; உறுதி கைக்கு வந்த பின் தரகு. வியர்வை சிந்திச் சேர்த்த பணத்துக்கு இவ்வரிசையே வேலி.