புரதக் கூண்டுக்குள் வேதிவினை

ஃபெரிட்டின் என்பது உள்ளே கூடான ஓர் உருண்டைப் புரதம். உடலில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்ட ரத்தப் பரிசோதனை அறிக்கையில் இடம்பெறும் அதே ஃபெரிட்டின்தான். 24 புரதத் துண்டுகள் தாமாகவே ஒன்றோடொன்று பொருந்தி இந்தக் கூண்டைக் கட்டிக்கொள்கின்றன. வெளிவிட்டம் ஏறத்தாழ 12 நானோமீட்டர், உட்கூட்டின் விட்டம் 8 நானோமீட்டர். இதற்குள் சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும்.

கட்டுப்பாடின்றித் திரியும் இரும்பு செல்லுக்குக் கேடு. ஆகவே கரைசலில் உள்ள இரும்பு அயனிகள் கூண்டுச் சுவரின் நுண்துளைகள் வழியே உள்ளே நுழைந்து, ஆக்சிஜனேற்றம் அடைந்து, துருவை ஒத்த கனிமமாகப் படிகின்றன. ஆக, வேதியியலாளர் கையில் சிக்குவதற்கு வெகுகாலம் முன்பே இது ஒரு வினைக்கலம்தான்.

செக் விஞ்ஞானி விலேம் லாஃப்பெர்கர் 1937இல் இதைக் குதிரையின் மண்ணீரலிலிருந்து பிரித்தெடுத்தார். இரும்பை நீக்கிவிட்டால் வெறுங்கூண்டு மிஞ்சும். அதற்குள் வேறு பொருளை விளைவிக்கலாம் என்பதை 1991இல் பிரிட்டனின் ஸ்டீபன் மான் குழுவினர் மாங்கனீசு ஆக்சைடைக் கொண்டு காட்டினர். மறு ஆண்டே காந்தத் துகள்களும் கூண்டுக்குள் உருவாயின. சாதாரணக் குடுவையில் நானோத் துகள்கள் சிறிதும் பெரிதுமாக வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். இங்கே அந்தத் தொல்லை இல்லை. சுவரை மீறி எந்தத் துகளும் வளர முடியாது.

இந்தத் துறையில் அழகான சோதனை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டதுதான். பல்லேடிய உப்பின் அயனிகள் துளைவழியே புகுந்து உட்சுவரில் பற்றிக்கொண்டன. சோடியம் போரோஹைட்ரைடைச் சேர்த்ததும் அவை உலோகமாக மாறி, சுமார் 2 நானோமீட்டர் அளவில் திரண்டன. இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகளில் ஹைட்ரஜனைச் சேர்க்கும் வினைக்கு இந்தப் பல்லேடியம் வினையூக்கி. சிறிய மூலக்கூறுகள் விரைவாக வினைபுரிந்தன. துளையில் எளிதில் நுழைய முடியாத பெரியவை பின்தங்கின. சல்லடை வேலையையும் கூண்டே பார்த்துக்கொண்டது!

வைரஸின் புரத உறையும் இதற்கு உதவும். காராமணிச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸின் மரபுப்பொருளை நீக்கிய வெற்று உறையை, 1998இல் டிரெவர் டக்ளஸும் மார்க் யங்கும் கலமாகப் பயன்படுத்தினர். அமிலத்தன்மை குறைந்தால் அந்த உறை உப்பித் துளைகள் திறக்கும், கூடினால் மூடிக்கொள்ளும்.

குறைகளும் உண்டு. புரதம் பெரும்பாலும் நீரில்தான் நிலைத்திருக்கும். பல கரிமக் கரைப்பான்கள் அதைக் குலைத்துவிடும். தூய புரதம் மலிவானதும் அல்ல. டன் கணக்கில் ரசாயனம் தயாரிக்கும் ஆலைக்கு இந்தக் கூண்டு ஒத்துவராது; சிறிதளவே போதுமான, விலையுயர்ந்த பொருள்களுக்குத்தான் இது ஏற்றது.