கரை மாறினால் பாலம் என்னாகும்?

கணினிக்கும் மொழிகள் பல உண்டு என்பதை நம் மாணவியர் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் படிக்கின்றனர். பைத்தன், ஜாவா, சி என்று அவர்கள் பட்டியலும் இடுவர். ஆனால், ஒரு மொழியில் எழுதிய செய்நிரல் இன்னொரு மொழியின் வீட்டுக்குள் போய் வேலை செய்ய நேர்ந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வி வகுப்பறையில் அதிகம் எழுவதில்லை. இக்கல்லூரியில் படித்து, இன்று செய்நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவள் நான். என் வேலை நேரத்தில் பெரும்பகுதியை இந்தக் கேள்வியே எடுத்துக்கொள்கிறது. அதனை ஓர் உதாரணத்தோடு விளக்க முயல்கிறேன்.

ஓகேமல் என்றொரு மொழி உண்டு. பிரான்ஸ் நாட்டின் இன்றியா ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி 1996இல் வெளிவந்தது. கண்டிப்பான மொழி. எண்ணையும் எழுத்துச் சரத்தையும் கூட்டச் சொன்னால், செய்நிரலை ஓடவிடும் முன்பே மறுத்துவிடும். ஆனால், நாம் கைத்தொலைபேசியில் திறக்கும் இணைய மேலோடிக்கு ஓகேமல் தெரியாது. அதன் சொந்த மொழி ஜாவாஸ்கிரிப்ட். ஆகவே, ஓகேமல் செய்நிரலை ஜாவாஸ்கிரிப்டாக மாற்றித்தரும் ஒரு தொகுப்பான் உருவாக்கப்பட்டது. ஜேஎஸ் ஆஃப் ஓகேமல் என்பது அதன் பெயர்.

தொகுப்பானை இரு பகுதிகளாக எண்ணிக்கொள்ளலாம். நாம் எழுதியதைப் படித்து விளங்கிக்கொள்வது முன்பகுதி. விளங்கியதை இலக்கு மொழியில் எழுதித் தருவது பின்பகுதி.

மொழிமாற்றம் மட்டும் போதாது. இணையப் பக்கத்தில் ஒரு பொத்தானை வைக்கவும், நேரத்தைக் கேட்டறியவும், பயனர் தட்டிய பெயரை வாங்கவும் ஜாவாஸ்கிரிப்டிடமே போக வேண்டும். இந்தப் போக்குவரத்தைக் கவனிப்பதுதான் பிணைப்பு நூலகம். இரு கரைகளுக்கும் நடுவே நிற்கும் பாலம் அது. ஓகேமல் கேட்பதை ஜாவாஸ்கிரிப்டுக்குச் சொல்லி, வரும் பதிலைத் திருப்பிக் கொண்டுவந்து தரும்.

இனி, கரை மாறிய கதைக்கு வருவோம்.

2017இல் முன்னணி மேலோடிகள் அனைத்தும் வெப்அசெம்பிளி என்ற புதிய இலக்கு மொழியை ஏற்றன. 2019 டிசம்பரில் அது இணையத்தின் அதிகாரபூர்வத் தரமானது. எனினும், ஓகேமல் போன்று பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் தானாகவே துப்புரவு செய்யும் மொழிகளுக்கு அதில் வசதி குறைவாக இருந்தது. அந்த வசதி 2023இன் இறுதியில் குரோம், பயர்பாக்ஸ் மேலோடிகளிலும், 2024 டிசம்பரில் சஃபாரியிலும் வந்துசேர்ந்தது. அதனைப் பயன்படுத்தி ஓகேமலுக்கு ஒரு புதிய பின்பகுதி எழுதப்பட்டு, 2025இல் பழைய தொகுப்பானோடு இணைக்கப்பட்டது. செய்நிரல் அதேதான். முன்பகுதியும் அதேதான். ஆனால், பாலம் ஊன்றி நின்ற கரை வேறாகிவிட்டது.

இதில் என்ன சிக்கல் என்று கேட்பீர்கள். வீட்டுச் சமையலில் ஓர் உதாரணம் சொல்கிறேன். "இரண்டு சுண்டு அரிசிக்கு இவ்வளவு தண்ணீர்" என்று உம்மா சொல்வார். அரிசிக்கும் தண்ணீருக்கும் ஒரே சுண்டு என்பதை அவர் சொல்வதில்லை. சொல்லத் தேவையும் இல்லை, வீட்டில் இருப்பது ஒரே சுண்டுதான். அதே குறிப்பை, அளவுப் பாத்திரங்கள் பலவுள்ள வீட்டுக்குக் கொண்டுபோனால்தான், சொல்லாமல் விட்ட அந்த விடயத்தின் பெறுமதி தெரியும்.

பழைய பின்பகுதியிலும் அப்படித்தான் இருந்தது. எல்லாமே ஜாவாஸ்கிரிப்டாக மாறியதால், ஓகேமலின் தசம எண்ணும் ஜாவாஸ்கிரிப்டின் எண்ணும் உள்ளே ஒன்றே. ஒன்றை மற்றதன் இடத்தில் அப்படியே வைத்தாலும் எவருக்கும் தெரியாது. வெப்அசெம்பிளியில் அப்படியில்லை. ஓகேமலின் தசம எண் தனிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் எண் வேறொரு உறைக்குள் வருகிறது. பிரித்தெடுத்து மாற்றித்தராமல் இரண்டும் கலக்கா.

முழுவெண்களிலும் வேறுபாடு உண்டு. பழைய பின்பகுதியில் ஒரு முழுவெண்ணுக்கு 32 பிட் இடம் இருந்தது. புதியதில் 31 பிட் மட்டுமே. ஒரு பிட்தானே என்று எண்ணிவிட வேண்டாம். 31 பிட்டில் அடங்கும் மிகப்பெரிய எண் 1,073,741,823. கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கழிந்த செக்கன்களாக எண்ணும் வழக்கமுண்டு. அந்த எண்ணிக்கை 2004 ஜனவரியிலேயே இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. 32 பிட்டிலோ 2038 ஜனவரி வரை தாங்கும். ஆகவே, பழைய கரையில் சரியாக ஓடிய ஒரு திகதிக் கணக்கு, புதிய கரையில் பிழையான விடையைத் தரக்கூடும்.

மூன்றாவது, இரு பொருட்கள் ஒன்றா என்று பார்ப்பது. பழைய முறையில் ஓகேமலின் சமக்குறி கொண்டே ஜாவாஸ்கிரிப்டின் பொருட்களை ஒப்பிடலாம். புதிய முறையில் அவை உறைக்குள் இருப்பதால், உள்ளே ஒரே பொருள் இருந்தும் உறைகள் வேறு என்ற பதில் வரலாம். எனவே, ஒப்பிடும் வேலையையும் பிணைப்பு நூலகத்தின் தனிச் செயற்பாட்டிடம் ஒப்படைக்க வேண்டும்.

நான்காவது விடயம் நம்மை நேரடியாகத் தொடுவது: எழுத்துகள். "தமிழ்" என்ற சொல்லில் நாம் மூன்று எழுத்துகளைப் பார்க்கிறோம். யூனிகோட் முறையில் அதற்கு ஐந்து குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்ட் அதனை ஐந்து அலகுகளாகவே வைத்திருக்கிறது. ஓகேமலின் சரமோ பைட்களின் வரிசை. யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட் வீதம் மொத்தம் 15 பைட் ஆகிறது. ஆனால், ஐந்து எழுத்துள்ள ஆங்கிலச் சொல் எந்த முறையிலும் ஐந்துதான்.

இதன் விளைவைப் பாருங்கள். சரத்தை மாற்றாமல் நேரடியாக அனுப்பும் பிணைப்பு ஒன்றை ஒருவர் எழுதியிருந்தால், பழைய பின்பகுதியில் ஆங்கிலப் பெயர்கள் அழகாகத் தெரியும். சோதனைகள் யாவும் சித்தியடையும். தமிழ்ப் பெயர் வந்தால் மட்டும் திரையில் விநோதக் குறிகள் நிரம்பும். புதிய பின்பகுதியிலோ அந்தப் பிணைப்பு ஆங்கிலத்துக்கும் வேலை செய்யாது. நம் பெயர்களில் மாத்திரம் ஒளிந்திருந்த குறை எல்லோர் கண்ணுக்கும் தெரிய வருகிறது. இந்த வகையில் புதிய கரை நமக்கு நன்மையே செய்கிறது.

பாலத்தைப் புதிய கரைக்கு ஏற்றதாக்குவது எப்படி? சொல்லாமல் விட்டதையெல்லாம் சொல்லிவிடுவதே வழி. எண் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் "இது ஜாவாஸ்கிரிப்டின் எண்" என்று வகையைக் குறிக்க வேண்டும். அதனை மாற்றும் செயற்பாட்டை வெளிப்படையாக அழைக்க வேண்டும். பழைய பின்பகுதியில் எண்ணை மாற்றும் அந்தச் செயற்பாடு எதையும் செய்யாமல் வந்த எண்ணையே திருப்பித் தரும்; அதனால் நட்டமில்லை. புதியதில் அது உறையைப் பிரிக்கும். ஒரே செய்நிரல் இரு கரைகளிலும் ஓடும். வகைகளைச் சரியாக எழுதிவிட்டால், மாற்ற மறந்த இடங்களைக் கண்டிப்பான ஓகேமலே சுட்டிக்காட்டும். இறுதியில், அதே சோதனைகளை இரு பின்பகுதிகளிலும் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனைகளில் எந்தப் பெயர்கள் இருக்கும் என்பதை எழுதுபவரே தீர்மானிக்கிறார். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ஆங்கிலப் பெயரையே இடுவார். அதில் தீய எண்ணம் இல்லை. ஆனால், வைத்தியசாலைப் பதிவிலோ பரீட்சை விண்ணப்பத்திலோ சிதைந்து போவது நம் பெயராக இருக்கும். இரு மொழிகளோடு வளரும் நம் பிள்ளைகளுக்கு, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது எது சிதையும் என்பது பழக்கத்திலேயே தெரியும். பெற்றோர்களே, உங்கள் மகள் இத்துறையை விரும்பினால் தடுக்காதீர்கள். தங்கையரே, நீங்கள் எழுதும் முதலாவது செய்நிரலிலேயே உங்கள் பெயரைத் தமிழில் தட்டிப் பாருங்கள். அது சரியாக வந்தபின் அடுத்த வரிக்குப் போங்கள்.