சங்கத்தின் சாவி எவர் பொறுப்பில்?

சேலையோ, துண்டோ, நாட்டுச் சர்க்கரையோ, சங்கத்தின் சரக்கை இணையத்தில் கடை வைத்து விற்கும் வழக்கம் நம்மிடையே பரவி வருகிறது. கடை வைத்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதை அங்கத்தினர்கள் நன்கு அறிவார்கள். வரும் ஆர்டர் ஒவ்வொன்றையும் கணக்கில் ஏற்ற வேண்டும். இருப்பைக் கழிக்க வேண்டும். கிடங்குப் பொறுப்பாளருக்குச் செய்தி சொல்ல வேண்டும். குமாஸ்தா ஒருவர் திரையைப் பார்த்துப் பார்த்துப் பிரதி எடுத்து வந்த இவ்வேலையைத் தாமே செய்து முடிக்கும் கருவிகள் இப்பொழுது கிடைக்கின்றன. நிரல் எழுதத் தெரியாதவரும் திரையில் கட்டங்களை வைத்து, கோடுகளால் இணைத்து, வேலையை ஓடவிடலாம். 2011-இல் அமெரிக்காவில் தோன்றிய ஸேப்பியர், செக் நாட்டில் இன்டெக்ரோமாட் என்ற பெயரில் வளர்ந்து 2022-இல் பெயர் மாறிய மேக், 2019-இல் பெர்லின் நகரில் தொடங்கிய என்-8-என் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை.

கட்டங்களை இணைப்பது அரை நாள் வேலை. ஆனால் முதற் கட்டத்தைத் திறந்தவுடனேயே கருவி 'கிரெடென்ஷியல்' எங்கே என்று கேட்கிறது. அதாவது, எந்த அதிகாரத்தைக் கொண்டு உள்ளே போவது என்று கேட்கிறது. பெரும்பாலோர் தயங்கி நிற்பது இவ்விடத்தில்தான். அவசரத்தில் சங்கத்தின் சாவியைத் தனியொருவருடைய சட்டைப் பையில் போட்டுவிடுவதும் இவ்விடத்தில்தான். வங்கிக் கணக்கிற்குக் கூட்டுக் கையொப்பம் வேண்டுமென விதி வைத்திருக்கும் நாம், இதில் மட்டும் கவனக் குறைவாக இருப்பது முறையாகாது.

இணையக் கடைக்கு இரண்டு வாசல்கள் உண்டு. முன்வாசல் வழியே மனிதர்கள் வருகிறார்கள். பக்கவாசல் இயந்திரங்களுக்குரியது, அதற்கு ஏ.பி.ஐ. என்று பெயர். பக்கவாசலில் வந்து நிற்பவரிடம், 'நீ யார், உனக்கு எதைச் செய்ய அனுமதி உண்டு' என்று விசாரிக்கும் ஏற்பாடே சான்று சரிபார்த்தல். வேர்ட்பிரஸ் தளத்தில் வூகாமர்ஸ் கடை வைத்திருக்கும் சங்கம் ஒன்று, என்-8-என் கருவியின் மூலம் தன் ஆர்டர்களைக் கூகிள் ஷீட்ஸ் கணக்கேட்டில் ஏற்ற விரும்புவதாகக் கொள்வோம்.

வூகாமர்ஸில் செட்டிங்ஸ், அதனுள் அட்வான்ஸ்டு, அதனுள் ரெஸ்ட் ஏ.பி.ஐ. என்ற பகுதிக்குச் சென்றால் புதுச் சாவி உண்டாக்கலாம். அங்கே இரண்டு வினாக்கள் முக்கியமானவை. ஒன்று, எந்தப் பயனரின் பெயரில் என்பது. எவர் பெயரில் உண்டாக்குகிறோமோ அவருடைய அதிகாரத்தையே சாவியும் பெறுகிறது. குமாஸ்தாவின் பெயரில் உண்டாக்கினால், அவர் வேலையை விட்டு விலகி அவருடைய கணக்கு நீக்கப்படும்போது சாவியும் செத்துப்போகும். ஆகவே இதற்கென்றே சங்கத்தின் பெயரால் தனிக் கணக்கு ஒன்று திறப்பதே முறை. மற்றொன்று, அனுமதி எவ்வளவு என்பது. படிக்க மட்டும், எழுத மட்டும், இரண்டிற்கும் என மூவகை அனுமதி உண்டு. ஆர்டர்களைப் பிரதி எடுப்பதற்குப் படிக்கும் அனுமதியே போதும். எதற்கும் இருக்கட்டும் என்று எழுதும் அனுமதியையும் சேர்த்துக் கொடுப்பவர்கள், சாவி களவு போனால் களவாடியவன் சேலையின் விலையையே மாற்றி எழுதலாம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வாறு கிடைப்பது இரட்டைச் சாவி: ஒன்று அடையாளச் சாவி, மற்றது இரகசியச் சாவி. இரகசியச் சாவி அப்பக்கத்தை விட்டு அகன்றவுடன் மறைந்துவிடும்; மீண்டும் காட்டமாட்டார்கள். இதனால் பதறிப்போய் அதை வாட்ஸப் குழுவில் போட்டு வைப்போர் உளர். அது வேண்டாம். நேரே என்-8-என்னின் கிரெடென்ஷியல் பகுதியில் பதிந்துவிட வேண்டும். கடையின் முகவரி எச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். சாவி பேஸ்64 என்னும் முறையில் எழுத்து மாற்றித்தான் அனுப்பப்படுகிறது. அது பூட்டு அன்று, எவரும் நொடியில் பழைய வடிவிற்குத் திருப்பிவிடலாம். எச்.டி.டி.பி.எஸ். இல்லையேல் இரகசியத்தைத் தபால் கார்டில் எழுதியதற்குச் சமானம்.

கூகிளின் வழி வேறு. அங்கே ஓ-ஆத் 2.0 என்ற முறை வழங்குகிறது, 2012-இல் வகுக்கப்பட்டது. கணக்கின் கடவுச்சொல்லைக் கருவியிடம் கொடுக்க வேண்டியதில்லை என்பதே இதன் சிறப்பு. உரிமையாளர் கூகிளின் பக்கத்திலேயே உள்நுழைந்து 'சம்மதம்' என்கிறார். கூகிள் கருவிக்கு ஒரு மணி நேரம் செல்லும் அனுமதிச் சீட்டையும், அதனைப் புதுப்பித்துக்கொள்ள மற்றொரு சீட்டையும் அளிக்கிறது. என்-8-என்னை அந்நிறுவனத்தின் மேகச் சேவையில் வைத்திருப்போர்க்குப் பொத்தானை அமுக்கினால் போதும். சொந்தக் கணினியில் நடத்துவோர் கூகிள் கிளவுட் தளத்தில் ஒரு திட்டம் உண்டாக்கி, ஷீட்ஸ், டிரைவ் இரண்டின் ஏ.பி.ஐ.யையும் இயக்கி, அங்கு கிடைக்கும் அடையாள எண்ணையும் இரகசியத்தையும் கொண்டுவந்து பதிய வேண்டும். என்-8-என் காட்டும் திரும்பு முகவரியை ஓர் எழுத்தும் பிசகாமல் கூகிளில் எழுத வேண்டும். ஒரு சாய்கோடு குறைந்தாலும் கூகிள் ஏற்பதில்லை.

இங்கே ஒரு கண்ணி உள்ளது. திட்டத்தின் நிலையை 'டெஸ்டிங்' என்றே வெளியாருக்குரியதாக விட்டுவைத்தால், புதுப்பிக்கும் சீட்டு 7 நாட்களில் காலாவதியாகும். ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய வேலை எட்டாம் நாள் நின்றுவிடும். கருவியின் மேல் பழி விழும். 'புரொடக்ஷன்' நிலைக்கு மாற்றினால் இத்தொல்லை இராது. நம் கருத்தில் சங்கங்களுக்கு இதனினும் ஏற்றது 'சர்வீஸ் அக்கவுன்ட்' என்னும் முறை. இது மனிதர் எவருக்கும் உரியதல்லாத, இயந்திரத்திற்கே உரிய கணக்கு. அதன் மின்னஞ்சல் முகவரிக்குக் கணக்கேட்டைப் பகிர்ந்துவிட்டால், அந்த ஏட்டை மட்டும் அது தொடும். காரியதரிசி மாறினாலும் வேலை மாறாது.

வேலை நின்றால் பிழை எண்ணைப் பார்க்க வேண்டும். 401 என்றால் 'நீ யாரெனத் தெரியவில்லை' என்றும், 403 என்றால் 'உன்னை அறிவேன், இவ்வறைக்குள் உனக்கு அனுமதியில்லை' என்றும் பொருள். ஏட்டைப் பகிர மறந்தால் கூகிள் 403 தரும். வூகாமர்ஸோ, படிக்கும் சாவியைக் கொண்டு எழுத முயன்றாலும் 401 என்றே சொல்லும். விசித்திரந்தான், ஆயினும் நினைவில் வைக்கத் தக்கது.

சொந்தக் கணினியில் நடத்தும் சங்கத்தார் இன்னொன்றையும் காக்க வேண்டும். என்-8-என் தன்னிடம் பதிந்த சாவிகளை மறைகுறியாக்கி வைக்கிறது. அம்மறைகுறியை அவிழ்க்கும் மூலச் சாவி முதன்முறை இயங்கும்போதே உண்டாகி அக்கணினியிலேயே இருக்கிறது. கணினி பழுதுற்று அது தொலைந்தால், தரவுத்தளத்தின் நகல் கையிலிருந்தும் பயனில்லை. எல்லாச் சாவிகளையும் புதிதாக வாங்க வேண்டும். அதன் பிரதி ஒன்றை உறையிலிட்டு முத்திரை வைத்துச் சங்கத்து இரும்புப் பெட்டியில் வைப்பது நலம்.

அண்டைச் சங்கத்தார் நம் ஏற்பாட்டைக் கேட்டால் கோப்பாக எடுத்துக் கொடுக்கலாம். அதில் சாவியின் பெயர் போகும், சாவி போகாது. ஆனால் எச்.டி.டி.பி. கட்டத்தின் தலைப்புப் பகுதியில் சாவியைக் கையாலேயே எழுதியிருந்தால் அதுவும் கூடவே போய்விடும். கொடுக்குமுன் ஒவ்வொரு கட்டத்தையும் திறந்து பார்த்துவிட வேண்டும்.

எந்தச் சாவி, எந்த வேலைக்கு, எந்தக் கணக்கின் பெயரில், என்று உண்டாக்கியது என்பதை நிர்வாகக் குழுவின் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். சாவியை அதில் எழுதலாகாது. சாவியை அறிந்த ஊழியர் விலகும்போது, முதலில் புதுச் சாவி உண்டாக்கிக் கருவியில் பதிந்து, ஓர் ஆர்டர் ஏட்டில் ஏறுகிறதா என்று சோதித்த பின்னரே பழையதை ரத்து செய்ய வேண்டும். முறை மாறினால், இடைப்பட்ட நேரத்தில் வந்த ஆர்டர்கள் ஏட்டில் ஏறாமல் நிற்கும். அவற்றைக் கடையின் பட்டியலோடு ஒப்பிட்டுக் கையாலேயே ஏற்ற நேரிடும்.