ஆச்சி வந்த மார்கழி

2023ஆம் வருஷம் மார்கழி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது என் மாமியார் திருக்குறள் எக்ஸ்பிரஸில் நிஜாமுதீன் வந்து இறங்கினார். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பஸ், அங்கிருந்து இரண்டு இரவு ரயில். கூட வந்தது மூன்று பைகள். ஒன்றில் முறுக்கும் அதிரசமும், இன்னொன்றில் கருப்பட்டி, மூன்றாவதில் வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், ஓர் உரைகல். உரைகல்லைப் பார்த்ததுமே வீட்டில் ஒரு சண்டை நிச்சயம் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆச்சி வந்ததற்குக் காரணம் என் பிரசவ விடுப்பு முடியப் போகிறது என்பதுதான். மத்திய அரசு ஊழியரான எனக்கு 180 நாள். (தனியார் நிறுவனங்களில் வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு 2017ஆம் வருஷத் திருத்தச் சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம்.) ஜூலை 19 அன்று சின்னவன் பிறந்தான், விடுப்பும் அன்றே தொடங்கியது. விரலை மடக்கி எண்ணினால் 180ஆவது நாள் ஜனவரி 14. மறுநாள் பொங்கல். தில்லியில் அது விருப்ப விடுமுறைதான். அதையும் சேர்த்துக்கொண்டால் 16ஆம் தேதி அலுவலகம். மார்ச் கடைசிவரை ஆச்சி இருந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, பிறகு தாத்தாவும் வந்துவிடுவது என்று தொலைபேசியிலேயே முடிவாகியிருந்தது.

பெரியவளுக்கு அப்போது ஐந்து வயது, கே.ஜி. படித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ராமகிருஷ்ணபுரம் குடியிருப்பில் கீழ்வீடு பஞ்சாபி, எதிர்வீடு பீகார், மாடியில் வங்காளிகள். இவள் எல்லோரிடமும் இந்தியில் பேசுவாள், எங்களிடமும் இந்தியில்தான் பதில் சொல்வாள். தமிழ் புரியும், வாயில் வராது. வந்தாலும் தாத்தா "வரான்", ஆச்சி "சொல்றாள்" என்றுதான் வரும். 1923ல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இந்த ஊரில் ஏழு இருக்கின்றன, ஒன்று எங்கள் பேட்டையிலேயே. அங்கே ஏன் சேர்க்கவில்லை என்று ஆச்சி கேட்டபோது, தெருவைத் தாண்டினால் வேறு பள்ளி இருக்கிறது என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை.

முதல் நாள் பேத்தியும் ஆச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "இது என்ன பேசுதுன்னே புரியலியே" என்றார் ஆச்சி. "ஆச்சி க்யா போல் ரஹீ ஹை?" என்றாள் இவள்.

டிசம்பர் 17 ஞாயிறு, மார்கழி முதல் தேதி. விடியற்காலையில் ஆச்சி இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் சால்வை சுற்றி, மகனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மலை மந்திருக்குப் போய் சுவாமிநாத சுவாமியைச் சேவித்துவிட்டு வந்தார். பத்து மணிக்குத் தாத்தா பேசினார். "இங்க நல்ல மழை" என்றார். அவ்வளவுதான். மத்தியானம் ஒரு தடவை மணி அடித்தது, எடுக்கவில்லை. இரவுக்குப் பிறகு மணியே அடிக்கவில்லை.

அந்த இரண்டு நாள் மழையைப் பற்றி வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தில்லியில் வருஷம் முழுக்கப் பெய்வதே 80 செ.மீ. வராது. தாமிரபரணி கரை புரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஏறக்குறைய 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. தொலைக்காட்சியில் அந்த ஸ்டேஷனைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். ஆச்சிக்கு அது வீட்டிலிருந்து நடந்துபோகிற தூரம். ரயிலைக் காட்டியவர்கள் எங்கள் தெருவைக் காட்டவில்லை.

நான்கு நாள் தாத்தாவிடமிருந்து தகவல் இல்லை. என் கணவர் தெரிந்த எண்ணெல்லாம் சுழற்றினார். அண்டை வீடு, ரேஷன் கடை அண்ணாச்சி, கூடப் படித்த வாத்தியார், எதுவும் கிடைக்கவில்லை. ஆச்சி அழவில்லை. சோறு வடித்தார், பிள்ளையைக் குளிப்பாட்டினார், தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தார். ஹெலிகாப்டரிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம் போடுவதைக் காட்டியபோது மட்டும், "அவிய மாடிக்கு ஏறியிருப்பாவ. முட்டு வலியோட எப்படி ஏறினாவளோ" என்றார்.

பெரியவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாத்தா எங்கே என்று கேட்டாள். ஆச்சி அவளுக்கு ஆறு எங்கே, அணை எங்கே, வீடு எங்கே, மாடிப்படி எந்தப் பக்கம் என்று தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். இந்தியில் சொல்ல ஆச்சிக்குத் தெரியாது. தமிழில் கேட்டால்தான் பதில் வரும் என்று இவளுக்கும் புரிந்துவிட்டது போலும். மூன்றாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டே என்னிடம் வந்து, "அம்மா, தாத்தா மாடில இருக்காவளா?" என்றாள். பிரஷ்ஷும் நுரையுமாக, சுத்தமான திருநெல்வேலித் தமிழ். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நேரமா என்றும் இருந்தது.

21ஆம் தேதி மாலை யாரோ ஒரு புண்ணியவானின் கைபேசியிலிருந்து தாத்தா பேசினார். அடுத்த வீட்டு மாடியில் பதினேழு பேரோடு மூன்று நாள் இருந்திருக்கிறார். வீட்டுக்குள் நெஞ்சளவு தண்ணீர். நெல் மூட்டை, கட்டில், மெத்தை, எங்கள் கல்யாண ஆல்பம் எல்லாம் போயிற்று. இவ்வளவையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, "சின்னவனுக்குச் சளி தேவலையா?" என்று கேட்டார். ஆச்சி போனை வாங்கி, "மாத்திரை போட்டியளா?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டார்.

23ஆம் தேதி என் கணவர் ஊருக்குப் புறப்பட்டார். சேறு அள்ள ஆள் வேண்டுமே. எனக்கு அங்கேதான் உண்மையான மாதம் தொடங்கியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய அந்த நாட்களில் தில்லிக் காற்று மறுபடி மோசமாகி, தரக் குறியீடு 400ஐத் தாண்டியது. சின்னவனுக்கு மூச்சு இழுத்தது. ஆச்சி உரைகல்லை எடுத்தார். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்ட வேண்டும் என்றார். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது, மூச்சு இழுக்கிற பிள்ளைக்குப் புகை கூடவே கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் சொன்னேன். "எட்டுப் பிள்ளை வளத்த வீடு இது" என்றார். நான், "அங்க காத்து சுத்தம் அத்தை. இங்க வெளியிலயே சாம்பிராணி போட்டு வச்சிருக்கு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அன்று முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

24ஆம் தேதி இரவு பன்னிரண்டு மணிக்குப் பிள்ளையின் விலா உள்ளே இழுக்கத் தொடங்கியது. மூச்சு விடும்போது விலாக்குழி விழுந்தால் காத்திருக்கக் கூடாது. இதை எல்லாத் தாய்மாரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பஞ்சாபி வீட்டு அம்மாளை எழுப்பினேன். அவர் மகன் வண்டியை எடுத்தான். பெரியவளை அந்த அம்மாளே தன் ரஜாய்க்குள் படுக்கவைத்துக்கொண்டார். பனியில் பத்தடி முன்னால் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து, ஆக்ஸிஜன் கொடுத்து, விடிகிறவரை வைத்திருந்து அனுப்பினார்கள். ஆச்சி இரவு முழுக்கப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முகமூடி வைத்தபோது பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டது அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் உரைகல்லைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தார். வசம்பை மட்டும் வளையலாகக் கோத்துப் பிள்ளையின் கையில் கட்டினார். அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஜனவரி 2ஆம் தேதி என் கணவர் திரும்பி வந்தார். தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வருவதாகத்தான் போனார், தனியே வந்தார். நிவாரணக் கணக்கு எடுக்க வருவார்கள், சுவர் காயவில்லை, வீட்டைப் போட்டுவிட்டு வர முடியாது என்று தாத்தா சொல்லிவிட்டாராம். எழுபத்து மூன்று வயதில் ஈரச் சுவருக்குள் தானே பொங்கித் தின்றுகொண்டு இருக்கிறார். அன்று இரவு யாரும் எதுவும் பேசவில்லை. காலையில் ஆச்சி, "பொங்கல் கழிச்சு எனக்கு டிக்கெட் போட்டுரு" என்று மகனிடம் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

நான் என்ன சொல்ல முடியும்? இருங்கள் என்றால் அங்கே ஒரு மனிதர் தனியே. போங்கள் என்றால் இங்கே 16ஆம் தேதி. இரண்டு பேருக்கும் தேவைப்படுகிற ஒருவர் எந்த ஊரில் இருந்தாலும் குறைதான். தில்லியில் நம்மில் எத்தனை வீட்டில் இந்தக் கணக்கு நடக்கிறதோ!

மத்திய அரசில் பெண் ஊழியருக்குக் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு என்று ஒன்று உண்டு. பதினெட்டு வயதுக்குட்பட்ட மூத்த இரண்டு குழந்தைகளுக்காக, பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். முதல் 365 நாளுக்கு முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். ஒரு தடவைக்கு ஐந்து நாளாவது எடுக்க வேண்டும், வருஷத்துக்கு மூன்று தடவைக்கு மேல் கூடாது. பிரசவ விடுப்போடு தொடர்ச்சியாகவும் எடுக்கலாம். ஆனால் உரிமையாகக் கேட்க முடியாது. மேலதிகாரி மனசு வைக்க வேண்டும். 90 நாள் கேட்டு எழுதினேன். பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட். அந்த நேரத்தில் எங்கள் பிரிவில் யாருக்கும் மனசு இருக்காது. 30 நாள் கொடுத்தார்கள். அதுவும் ஒரு பெண் அதிகாரி இடையில் பேசியதால்.

இதற்குள் பள்ளிக்கூடம் வேறு. நவம்பரில் புகைக்காகக் குளிர்கால விடுமுறையின் ஒரு பகுதியை முன்கூட்டியே விட்டுவிட்டதால், ஜனவரியில் 1 முதல் 6 வரைதான் லீவு. 6ஆம் தேதி ராத்திரி நீட்டிப்பு என்று ஓர் உத்தரவு, சற்று நேரத்தில் அது வாபஸ், மறுநாள் குளிருக்காக ஐந்தாம் வகுப்புவரை 12ஆம் தேதி வரை லீவு என்று இன்னோர் உத்தரவு. யூனிஃபாரத்தை இஸ்திரி போட்டேன், மடித்து வைத்தேன். பெரியவளுக்குக் கொண்டாட்டம். ஆச்சியும் அவளும் பால்கனியில் வெயில் விழுகிற நேரம் பல்லாங்குழி ஆடினார்கள். முட்டைத் தட்டுதான் பலகை, ராஜ்மாதான் காய்.

எங்கள் அலுவலகக் கட்டடத்தில் குழந்தைகள் காப்பகம் ஒன்று இருப்பது எனக்குத் தெரியும்; உள்ளே போனதில்லை. ஆறு மாதம் முடிந்த பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். 10ஆம் தேதி ஆச்சியையும் சின்னவனையும் அழைத்துக்கொண்டு பார்க்கப் போனேன். ஆச்சி வாசலிலேயே நின்று தரையைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், பால் புட்டி கொதிக்கவைக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்த்தார். ஆயா கட்வால் பக்கத்துப் பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. ஆயா பிள்ளையை வாங்கித் தோளில் போட்டு, முதுகைத் தடவி ஏப்பம் வரவழைத்தார். ஆச்சி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் மடியிலிருந்து ஒரு சின்னப் புட்டி தேங்காயெண்ணெயை எடுத்து அவரிடம் கொடுத்து, உள்ளங்காலில் தேய்க்க வேண்டும் என்று சைகை காட்டினார். அந்தப் பெண்மணி சிரித்து, தன் அலமாரியைத் திறந்து கடுகெண்ணெய்ப் புட்டியைக் காட்டினார். பஸ்ஸில் வரும்போது ஆச்சி, "கை நல்ல கைதான். எண்ணெதான் நாறுது" என்றார். பிப்ரவரி 14க்கு இடம் பதிந்துகொண்டேன்.

பொங்கலுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கினோம். அன்று காலை 4 டிகிரிக்கும் கீழே குளிர். சூரியன் எந்தத் திசையில் இருக்கிறார் என்றே தெரியவில்லை. கிழக்கைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டோம். கேஸ் அடுப்பில் வெண்கலப் பானை பொங்கியது. பிள்ளைக்கு இன்று சோறு ஊட்டிவிடலாம் என்றார் ஆச்சி. ஆறு மாதம் முடிய இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஆச்சி என்னைப் பார்த்தார். நாலு நாள் கழித்து அவர் இங்கே இருக்கமாட்டார். "ஒரு வாய்தான் அத்தை" என்றேன். உப்பும் இனிப்பும் இல்லாமல், பருப்போடு குழையக் குழைய மசித்த சோறு, விரல் நுனியில். பிள்ளை முகத்தைச் சுளித்து, யோசித்து, விழுங்கிவிட்டான். ஊருக்கு வீடியோ போட்டுக் காட்டினோம். தாத்தாவுக்குப் பின்னால் சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிந்தது.

18ஆம் தேதி பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஒரு மதுரைக் குடும்பம் ஊருக்குப் போனது. அவர்களோடு ஆச்சியை அனுப்பினோம். ஒரு பைதான் திரும்பிப் போனது. அதில் தாத்தாவுக்கு இரண்டு கம்பளி, மாத்திரை, கல்யாண ஆல்பத்துக்குப் பதிலாக மறுபிரதி எடுத்த பதினோரு படங்கள். உரைகல்லை ஆச்சி விட்டுப்போயிருக்கிறார். ஒரு வயசு ஆகட்டும் என்றார்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது தாத்தாவுக்குப் போன் போட்டோம். பெரியவள் பிடுங்கிக்கொண்டாள். "தாத்தா, ஆச்சி ரயில் ஏறிட்டாவ. தம்பி தூங்குதாவ. அப்பா வண்டி ஓட்டுதாவ." தம்பிக்கு மரியாதை வேண்டாம் என்று அவள் அப்பா திருத்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் தாத்தா, "சொல்லுட்டி, இன்னும் யார் யாரெல்லாம் என்ன செய்தாவ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.