‘கேள்’ என்று பெயர் கொண்ட கார்

1985 மார்ச் 10. மெல்பர்ன் மைதானத்தின் புல்தரையில் ஒரு கார் மெல்ல ஊர்கிறது. ஓட்டுபவர் ரவி சாஸ்திரி. பானெட்டிலும் கூரையிலும் தொற்றிக்கொண்டிருப்பவர்கள் சற்றுமுன் பாகிஸ்தானை எட்டு விக்கெட் வித்தியாசத்தில் வென்ற இந்திய அணியினர். இறுதியாட்டத்தின் நாயகன் நம் ஊர் ஸ்ரீகாந்த். தொடரின் நாயகன் சாஸ்திரி. அவருக்குக் கிடைத்த பரிசுதான் அந்தக் கார். வெளிநாட்டுக் கார் என்றால் பென்ஸ் என்று மட்டுமே அறிந்திருந்த பலரும் ‘ஆடி’ என்ற பெயரை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

மாதத்தின் பெயரோடு குழம்பிவிடும் என்பதால், ஜெர்மானியர் சொல்வது போலவே ‘அவுடி’ என்று எழுதுகிறேன். சாஸ்திரிக்குக் கிடைத்தது அவுடி 100. அந்த மாடலின் முதல் தலைமுறை, முதலாளியின் தடையை மீறி ரகசியமாக உருவான கார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். இந்தக் கம்பெனியின் சரித்திரத்தைப் படிக்கப் படிக்க ஒன்று எனக்குத் தெளிவாகிறது. பட்டறையில் நிற்பவரின் பேச்சை மேலே இருப்பவர்கள் காதில் வாங்கியபோதெல்லாம் அது எழுந்திருக்கிறது. அவுடி என்ற சொல்லின் பொருளே ‘கேள்’ என்பதுதான்.

அவுடியைத் தொடங்கிய ஆகஸ்ட் ஹோர்ஹ் மோசல் ஆற்றங்கரையில் வின்னிங்கன் என்ற ஊரில் 1868-இல் பிறந்த கொல்லர் மகன். மன்ஹைம் நகரில் கார்ல் பென்ஸின் தொழிற்சாலையில் வேலை கற்றார். 1899-இல் கொலோன் நகரில் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அது 1904-இல் கிழக்கே சாக்சனியின் ஸ்விக்காவ் நகருக்கு இடம்பெயர்ந்தது. காரைச் செதுக்கிச் செதுக்கி மேம்படுத்துவதில் அவருக்கு இருந்த ஆர்வம் கணக்குப் புத்தகம் பார்ப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை. 1909-இல் தன் பெயரைத் தாங்கிய கம்பெனியை விட்டே வெளியேறினார். அதே ஊரில் இன்னொரு கம்பெனி தொடங்கினார், அதுவும் தன் பெயரில். பழைய கம்பெனி வழக்குப் போட்டது. ஹோர்ஹ் என்ற பெயர் எங்களுக்கே உரியது என்றது, வென்றது. தன் பெயரைத் தன் காருக்கு வைக்கும் உரிமை அந்த மனிதருக்கு இல்லாமல் போனது.

புதுப் பெயர் தேடி நண்பர் ஃபிகென்ட்ஷர் வீட்டில் கூடிப் பேசினார்கள். அறையின் மூலையில் நண்பரின் பள்ளிக்கூடத்து மகன் லத்தீன் பாடம் படித்துக்கொண்டிருந்தான். பெரியவர்களின் தவிப்பைக் கேட்டுக்கொண்டே இருந்தவன், கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு யோசனை சொன்னான். ‘ஹோர்ஹ்’ என்றால் ஜெர்மன் மொழியில் ‘காது கொடுத்துக் கேள்’ என்று பொருள். அதையே லத்தீனில் சொன்னால் ‘அவுடி’. 1910-இல் அந்தப் பெயர் பதிவானது. பெரியவர்கள் பேசும் இடத்தில் குறுக்கே பேசிய பையனை அதட்டாமல் கேட்டதால் கிடைத்த பெயர் இது. அவுடி கார்கள் 1912, 1913, 1914 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆஸ்திரிய ஆல்ப்ஸ் மலைப் போட்டியில் அணிப் பரிசை வென்றன. ஊர் உலகம் அந்தப் பெயரை அறிந்தது அப்போதுதான்.

அடுத்து, நான்கு வளையங்கள். 1929-இல் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியில் சாக்சனியின் கார் தொழில் மூச்சுத்திணறியது. மாநில வங்கியின் முயற்சியில் 1932-இல் அவுடி, டிகேடபிள்யூ, ஹோர்ஹ், வாண்டரர் ஆகிய நான்கும் ஆட்டோ யூனியன் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. வளையத்துக்கு ஒரு கம்பெனி. அன்றைக்கு இவற்றில் பெரியது அவுடி அல்ல. டென்மார்க்கிலிருந்து வந்த ராஸ்முசன் வளர்த்த டிகேடபிள்யூ 1920-களின் இறுதியில் உலகிலேயே அதிகமாக மோட்டார் சைக்கிள் செய்யும் கம்பெனியாக இருந்தது. அதன் ஆர்டி 125 என்ற சிறிய டூ-ஸ்ட்ரோக் வண்டியைப் போருக்குப் பின் பல நாடுகள் நகலெடுத்தன. பிரிட்டனின் பிஎஸ்ஏ பேன்டம் அதன் வாரிசு. யமஹாவின் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ-1 அதைப் பார்த்துச் செய்ததுதான். நம் ஊர்த் தெருக்களில் இன்றும் பொக்கிஷமாகப் பாதுகாக்கப்படும் ஆர்எக்ஸ் 100-இன் கொடிவழி இப்படிச் சாக்சனிக்குப் போய்ச் சேர்கிறது.

போர்க்காலத்தை விட்டுவிட்டு இந்தக் கம்பெனியின் பெருமையைப் பேசுவது நேர்மையாகாது. ஆட்டோ யூனியன் நாஜி அரசுக்குப் போர்த் தளவாடங்கள் செய்தது. வதைமுகாம் கைதிகளை வைத்து வேலை வாங்கியது. அவுடி கேட்டுக்கொண்டதன் பேரில் இரு வரலாற்றாசிரியர்கள் எழுதி 2014-இல் வெளியான ஆய்வு இதை விரிவாக ஆவணப்படுத்தியது. கம்பெனிக்காகவே அமைக்கப்பட்ட ஏழு முகாம்களில் ஏறத்தாழ 3,700 கைதிகள் இருந்தார்கள். லைட்மெரிட்ஸ் முகாமில் மாண்ட சுமார் 4,500 பேரின் சாவுக்கு அந்நிறுவனத்துக்குத் தார்மிகப் பொறுப்பு உண்டு என்று ஆசிரியர்கள் எழுதினார்கள். கம்பெனியின் தந்தை என்று போற்றப்பட்டுவந்த ரிச்சர்ட் புரூனின் பெயரும் அந்தப் பழிக்கணக்கில் சேர்ந்தது. உண்மை வெளிவர எழுபது ஆண்டு ஆனது என்பது வருத்தம். பணம் கொடுத்து எழுதச் சொன்ன கம்பெனியே அதை மறைக்காமல் வெளியிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர் முடிந்தபோது சாக்சனி சோவியத் பகுதிக்குள் போயிற்று. இயந்திரங்களைக் கழற்றி ரயிலேற்றிக் கொண்டுபோனார்கள். 1948-இல் கம்பெனியின் பெயரே பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. மேற்கே தப்பிவந்த சிலர் பவேரியாவின் இங்கோல்ஸ்டாட் நகரில் உதிரிபாகக் கிடங்கு ஒன்றைத் திறந்தார்கள். 1949-இல், பவேரிய அரசின் கடனையும் அமெரிக்காவின் மார்ஷல் திட்ட உதவியையும் கொண்டு, ஒரு சிறு வேனும் மோட்டார் சைக்கிளுமாக மறுபடி தொடங்கினார்கள். கிழக்கே ஸ்விக்காவில் எஞ்சிய தொழிற்சாலையில் கிழக்கு ஜெர்மனி 1957 முதல் டிராபன்ட் என்ற காரைச் செய்தது. பருத்திக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த உடல், இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், பின்னால் நீலப்புகை. ஒரே மண்ணில் பிறந்த இரண்டு பிள்ளைகள் எல்லைக்கோட்டின் இருபுறமும் வளர்ந்தன.

மேற்கில் வளர்ந்த பிள்ளைக்கும் சொந்த வாழ்வு உடனே அமையவில்லை. 1958-இல் டெய்ம்லர்-பென்ஸ் வாங்கியது. அறுபதுகளின் நடுவில் ஃபோக்ஸ்வாகனிடம் கைமாறியது. ஃபோக்ஸ்வாகனின் தலைவர் ஹைன்ரிஹ் நோர்ட்ஹாஃபுக்குத் தேவைப்பட்டது பீட்டில் கார் செய்ய இன்னொரு தொழிற்சாலை, அவ்வளவுதான். புதிய மாடல் எதையும் வடிவமைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார். பென்ஸிலிருந்து வந்திருந்த லூட்விக் கிராவுஸ் என்ற பொறியாளர் தலையாட்டிவிட்டு, மறைவாகப் பெரிய கார் ஒன்றை வடிவமைத்தார். கடைசியில் நோர்ட்ஹாஃபை அழைத்து மாதிரியைக் காட்டினார்கள். மீறலுக்கு வேலை போயிருக்கலாம். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு அனுமதி கொடுத்தார். 1968 ஏப்ரலில் நோர்ட்ஹாஃப் இறந்துபோனார். நவம்பரில் அவுடி 100 வெளிவந்தது. எட்டு லட்சத்துக்கு மேல் விற்றது. அந்தக் கார் இல்லாவிட்டால் அவுடி என்ற பெயர் பீட்டிலின் நிழலில் கரைந்திருக்கும்.

இனி நான் மிகவும் ரசிக்கும் பகுதிக்கு வருகிறேன். 1976-77 குளிர்காலம். பின்லாந்தின் பனியில் அவுடியின் புதிய கார்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூடவே ஃபோக்ஸ்வாகன் இல்டிஸ் என்ற ராணுவ ஜீப். 75 குதிரைத்திறன் மட்டுமே உள்ள அந்த உயரமான வண்டி, தன்னைவிடப் பலமான கார்களையெல்லாம் பனியில் முந்திப் போனது. காரணம், அதன் நான்கு சக்கரங்களும் வண்டியை இழுத்தன. சேஸிஸ் பிரிவின் யோர்க் பென்சிங்கர் இதைக் கவனித்தார். இதையே சாலையில் ஓடும் வேகக் காரில் செய்தால் என்ன என்று வளர்ச்சிப் பிரிவின் தலைவர் ஃபெர்டினான்ட் பியெஹிடம் கேட்டார். பியெஹ் பிடிவாதத்துக்கும் கண்டிப்புக்கும் பேர்போனவர். இந்தப் பேச்சை அவர் கேட்டார்.

டயர் தரையைப் பற்றும் பிடிக்கு ஓர் அளவு உண்டு. 200 குதிரைத்திறனை இரண்டு சக்கரங்கள் வழியாக ஈரத் தரையில் இறக்கினால் அவை வழுக்கிச் சுழலும். நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் தன் பங்கைத் தாங்கும். ஜீப்பிலும் லாரியிலும் இது பழைய சங்கதி. பிரிட்டனின் ஜென்சனும் ஜப்பானின் சுபாருவும் காரிலும் முன்பே செய்துபார்த்தவை. ஜீப்பில் விசையைப் பிரிக்கக் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனிப் பெட்டி ஒன்று இருக்கும். அது கனம், இரைச்சல், உயரம் மூன்றையும் கூட்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் போகும் தூரமும் பின்சக்கரங்கள் போகும் தூரமும் ஒன்றல்ல. இரண்டையும் இறுக்கிக் கட்டினால் டயர் இழுபட்டு வண்டி துள்ளும். முதல் சோதனைக் காரில் அப்படித்தான் கட்டியிருந்தார்கள். 1978 ஜனவரியில் ஆஸ்திரியாவின் செங்குத்தான டுராஹ் மலைச் சாலையில் சாதாரணக் கோடை டயரோடு அது ஏறிக் காட்டியபோது எல்லோரும் மெச்சினார்கள். பின்னர் ஃபோக்ஸ்வாகனின் ஆய்வுத் தலைவர் எர்ன்ஸ்ட் ஃபியாலா அதை வியன்னாவுக்கு எடுத்துப்போனார். வீட்டம்மா கடைத்தெருவுக்கு ஓட்டிப்போய், நிறுத்தத் திருப்பும்போது வண்டி துள்ளுகிறது என்று குறை சொன்னதாக அவுடியின் வரலாற்றில் சொல்வார்கள். முன்சக்கரங்களையும் பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் ஒன்று நடுவே வேண்டும் என்று ஃபியாலா திருப்பி அனுப்பினார்.

அதை எங்கே வைப்பது? கியர்பாக்ஸ் வடிவமைப்பாளர் ஃபிரான்ஸ் டெங்லர் கண்ட வழி அழகானது. கியர்பாக்ஸின் ஒரு தண்டை, சுமார் 26 சென்டிமீட்டர் நீளத்துக்கு, உள்ளீடற்ற குழாயாக ஆக்கினார். அடுப்பூதும் ஊதுகுழலுக்குள் ஒரு குச்சியைச் செருகியது போல அதற்குள் இன்னொரு தண்டைச் செருகினார். விசை வெளிக்குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து நடு டிஃபரன்ஷியலைச் சேரும். அங்கே இரண்டாகப் பிரியும். ஒரு பாதி பின்சக்கரங்களுக்குப் போகும். மறுபாதி உள்தண்டு வழியாக, வந்த பாதைக்குள்ளேயே திரும்பி முன்சக்கரங்களுக்குப் போகும். தனிப் பெட்டி தேவைப்படவில்லை. 1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அந்தக் கார் ‘குவாட்ரோ’ என்ற பெயரோடு அறிமுகமானது. இத்தாலிய மொழியில் நான்கு.

ராலிப் பந்தயத்துக்காரர்கள் இவ்வளவு சிக்கலான வண்டி தாங்காது என்றே நினைத்தார்கள். 1981-இல் ஹன்னு மிக்கோலா ஸ்வீடன் பனியில் வென்றார். அதே ஆண்டு சான்ரேமோவில் மிஷேல் முட்டோன் வென்றார். உலக ராலிப் போட்டி ஒன்றை வென்ற முதல் பெண். 1982-இல் மேலும் மூன்று வெற்றிகளோடு உலகப் பட்டத்தை நெருங்கினார். ஐவரி கோஸ்ட் போட்டி தொடங்கும் வேளையில் தந்தை இறந்த செய்தி வந்தது. துயரத்தோடு ஓட்டினார், கார் கவிழ்ந்தது, பட்டம் நழுவி இரண்டாம் இடம் கிடைத்தது. இரண்டாம் இடம் என்று மட்டும் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. சில ஆண்டுகளில், ராலியில் வெல்ல விரும்பிய எல்லோரும் நான்கு சக்கர இழுவைக்கு மாறியிருந்தார்கள். 1986-இல் பின்லாந்தின் பனிச்சறுக்குக் கோபுரம் ஒன்றின் சரிவில் அவுடி 100 குவாட்ரோவை ஏற்றி எடுத்த விளம்பரப் படம் இந்தப் புகழுக்கு முத்திரை வைத்தது.

அதே 1986-இல் அமெரிக்காவில் இடி விழுந்தது. அவுடி 5000 தானாகப் பாய்கிறது என்று தொலைக்காட்சியில் செய்தி வந்தது. ஓட்டுநர்கள் தவறான பெடலை மிதித்ததே பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணம் என்று அரசின் ஆய்வு 1989-இல் முடிவு சொன்னது. அதற்குள் வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். விற்பனை பழைய நிலைக்குத் திரும்ப நெடுநாள் பிடித்தது. செய்யாத குற்றத்துக்கு அவுடி கொடுத்த விலை அது.

செய்த குற்றத்துக்கான விலை பின்னால் வந்தது. நேரடி உட்செலுத்தல் டர்போ டீசல் எஞ்சினைப் பயணிகள் காரில் 1989-இல் பிரபலமாக்கியது அவுடிதான். 2006-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை டீசலால் முதன்முதலில் வென்றதும் அவுடிதான். 2000-க்கும் 2014-க்கும் இடையே அங்கே 13 வெற்றிகள். இத்தனை பெயர் எடுத்த அதே டீசலில்தான் ஏமாற்று நடந்தது. புகையில் இருக்கும் நைட்ரஜன் ஆக்சைடை அழிக்க யூரியாக் கரைசலைத் தெளிக்க வேண்டும். போதுமான அளவு தெளித்தால் சிறிய தொட்டி அடுத்த சர்வீஸ் வரை தாங்காது. அதனால் கார் சோதனைக்கூடத்தில் நிற்பதை அடையாளம் கண்டு, அங்கே மட்டும் முழுமையாகச் சுத்திகரிக்கும்படி மென்பொருளை எழுதினார்கள். பெரிய டீசல் கார்கள் தெருவில் ஓடும்போது சட்ட அளவைப் போல ஒன்பது மடங்கு வரை நச்சைக் கக்கின என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2015-இல் அறிவித்தது. 2018-இல் அவுடி 80 கோடி யூரோ அபராதம் கட்டியது. விவகாரம் அம்பலமான பிறகும் அந்தக் கார்கள் விற்பதைத் தடுக்கவில்லை என்று முன்னாள் தலைவர் ரூபர்ட் ஸ்டாட்லர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். 2023-இல் நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். தொட்டியைப் பெரிதாக்கியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய பிரச்சினை. டெங்லரின் வாரிசுகள் இருந்த இடத்தில் அது நடந்ததை எண்ணினால் நெஞ்சு கசக்கிறது.

ஸ்விக்காவில் பழைய அவுடித் தொழிற்சாலை இப்போது ஆகஸ்ட் ஹோர்ஹின் பெயரில் ஓர் அருங்காட்சியகம். போருக்கு முந்தைய ஹோர்ஹ் கார்களும் டிராபன்டும் அங்கே ஒரே கூரையின் கீழ் நிற்கின்றன. ஊரின் விளிம்பில் உள்ள ஃபோக்ஸ்வாகன் ஆலையில் 2021 முதல் அவுடி க்யூ4 இ-டிரான் என்ற மின்சாரக் கார் தயாராகிறது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, நான்கு வளையம் பொறித்த கார்கள் அந்த ஊரிலிருந்து மறுபடி வெளியே வருகின்றன. அதன் குவாட்ரோ வகையில் முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார். நடுவே தண்டும் இல்லை, குழாயும் இல்லை, ஒரு கம்பிவடம் மட்டும் ஓடுகிறது.