மாமா போட்ட மனுவை மறைக்காதீர்கள்!

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தாய்மாமா, தன் அக்காவுக்காக எப்போதோ ஒரு குடியேற்ற மனு போட்டிருப்பார். அது வீட்டில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருக்கும். அக்கா மகளுக்கு அங்கே எம்.எஸ். படிக்க இடம் கிடைத்து, பல்கலைக்கழகத்தின் ஐ-20 படிவம் வந்து, டி.எஸ்-160 விசா படிவத்தை நிரப்பும்போதுதான் ஞாபகத்துக்கு வரும். காரணம், அதில் உள்ள ஒரு கேள்வி: ‘உங்களுக்காக யாராவது எப்போதாவது குடியேற்ற மனு தாக்கல் செய்திருக்கிறார்களா?’

“இல்லைன்னு போட்டுடுங்க. ஆமான்னு போட்டா ரிஜெக்ட்தான்” என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் உண்டு. இந்த விஷயத்தில் மிகப் பெரிய ஆபத்தே அந்த யோசனைதான். குடும்ப மனு நிலுவையில் இருப்பது மாணவர் விசாவுக்குச் சட்டப்படி தடை அல்ல. அதை மறைத்தால் விசாவோடு கிரீன் கார்டு வாய்ப்பும் போய்விடக்கூடும்.

சிக்கல் எங்கே?

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்டு வருபவரை நிரந்தரமாகத் தங்க வருபவராகவே முதலில் கருதச் சொல்கிறது. அப்படி இல்லை என்று அதிகாரியை நம்பவைப்பது விண்ணப்பதாரரின் பொறுப்பு. எச்-1பி, எல்-1 விசாக்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. மாணவர்களுக்கான எஃப்-1 விசாவுக்கு இல்லை. குடும்ப மனு இருந்தால் ‘இவர் திரும்பி வருவாரா?’ என்ற சந்தேகம் கூடும். ஆனால், ஒரு நாள் சட்டப்படி குடியேற வாய்ப்பு வந்தால் ஏற்பேன் என்று நினைப்பதும், இப்போது தற்காலிக விசாவில் போவதும் ஒன்றுக்கொன்று முரண்பட்டே ஆக வேண்டும் என்பதில்லை. 1975-ல் ஹோசைன்பூர் வழக்கில் அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் இதை ஏற்றுக்கொண்டது.

எந்த வகை மனு?

எல்லா மனுவும் ஒரே எடை கொண்டதல்ல. குடிமக்களின் உடன்பிறந்தோருக்கான எஃப்-4 பிரிவில் உலகம் முழுவதற்கும் ஆண்டுக்கு 65,000 விசாதான். ஒரு நாட்டுக்கு 7 சதவிகித உச்சவரம்பும் உண்டு. அதனால் இந்தியர்களுக்குக் காத்திருப்பு 20 ஆண்டுகளை ஒட்டிப் போகிறது. அதற்குள் பிள்ளைகளுக்கு 21 வயது கடந்துவிடும். பெற்றோரோடு சேர்ந்து கிரீன் கார்டு பெறும் தகுதியும் பெரும்பாலும் போய்விடும். 2002-ல் வந்த குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு கைகொடுக்கும். மனு குடியேற்றத் துறையின் பரிசீலனையில் கிடந்த காலத்தை வயதிலிருந்து கழிக்கலாம். உதாரணமாக, முறை வரும்போது மகளுக்கு 24 வயது, பரிசீலனைக்கு எடுத்துக்கொண்ட காலம் 4 ஆண்டு என்றால் அவர் வயது 20 என்று கணக்காகும். 27 வயதாகிவிட்டால் 23, தகுதி இல்லை. திருமணம் ஆகியிருந்தாலும் இல்லை.

ஆக, 2015-ல் மாமா போட்ட மனுவால் இன்று 22 வயதுப் பெண்ணுக்குப் பலன் கிடைப்பது கடினம். நேர்காணலில் கேட்டால் அவர் சொல்லக்கூடிய நேர்மையான பதிலும் இதுவே. மாறாக, கிரீன் கார்டு வைத்திருக்கும் அப்பாவோ கணவரோ போட்ட மனு என்றால் காத்திருப்பு குறைவு, சந்தேகம் அதிகம். மறுக்கப்படும் வாய்ப்பையும் எதிர்பார்த்தே இவர்கள் விண்ணப்பிக்க வேண்டும்.

படிவத்தில் என்ன எழுதுவது?

“மனு அம்மா பேரில்தானே இருக்கு, எனக்காக இல்லையே?” என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால், உறவினருக்காகப் போடும் ஐ-130 மனுவில் அம்மாவின் பிள்ளைகள் பெயரையும் கேட்பார்கள். மகள் பெயர் ஏற்கெனவே அமெரிக்க அரசின் பதிவில் இருக்கக்கூடும். எனவே ‘ஆம்’ என்று குறித்து விளக்குவதே பாதுகாப்பு. ‘அமெரிக்கக் குடிமகனான என் தாய்மாமா 2015-ல் என் தாயாருக்காக ஐ-130 தாக்கல் செய்தார், எஃப்-4 பிரிவு, இன்னும் முறை வரவில்லை’ என்ற அளவுக்கு ஆங்கிலத்தில் எழுதினால் போதும். மாமாவிடம் உள்ள ஐ-797 ரசீதின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள். தேதியும் பிரிவும் அதில் இருக்கும்.

சென்னைத் துணைத் தூதரக ஜன்னலில் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். இந்தப் படிப்பு ஏன், பணம் எங்கிருந்து, முடித்த பிறகு என்ன திட்டம் என்பதற்குத் தெளிவான பதில் வேண்டும். மனுவைப் பற்றிக் கேட்டால் ஒளிக்காமல் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

மறுத்துவிட்டால்?

214(பி)-யில் மறுத்தால் மேல்முறையீடு கிடையாது. ஆனால், அது நிரந்தரத் தடையும் அல்ல. சூழ்நிலை மாறியிருந்தாலோ சொல்ல விட்டுப்போனது இருந்தாலோ, 185 டாலர் விசா கட்டணம் செலுத்தி மறுபடி விண்ணப்பிக்கலாம். அதே படிப்புக்கு 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் சேவிஸ் கட்டணத்தை மீண்டும் கட்டத் தேவையில்லை. எந்தப் பிரிவில் மறுத்தார்கள் என்பது அவர்கள் தரும் தாளில் இருக்கும், பத்திரப்படுத்துங்கள். அடுத்த விண்ணப்பத்தில் பழைய மறுப்பையும் சொல்லியாக வேண்டும்.

பொய் சொல்லிப் பிடிபட்டால் பாயும் 212(ஏ)(6)(சி) பிரிவு வேறு ரகம். அது ஆயுள்காலத் தடை. கிரீன் கார்டுக்கு அதிலிருந்து விலக்கு கேட்க, குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள கணவன், மனைவி, அப்பா, அம்மா என யாராவது இருந்து, அவர் கடும் துன்பப்படுவார் என்று நிரூபிக்க வேண்டும். மனு போட்ட மாமா அந்தக் கணக்கில் வரமாட்டார்.

ஏற்கெனவே ‘இல்லை’ என்று அனுப்பிவிட்டீர்களா? நேர்காணலுக்கு முன்பே புதிய டி.எஸ்-160 நிரப்பித் திருத்துங்கள். அதிகாரி கண்டுபிடிக்கும் முன் தானாக முன்வந்து திருத்துவதற்கு மதிப்பு உண்டு. பழைய சுற்றுலா விசா விண்ணப்பத்தில் தவறாகச் சொல்லியிருந்தால், குடியேற்ற வழக்கறிஞரைக் கலந்த பிறகே அடுத்த அடி வையுங்கள்.

போன பிறகு

அமெரிக்காவில் நுழைந்து 90 நாட்களுக்குள், படிக்க வந்ததற்குப் பொருந்தாத காரியம் செய்தால், நுழையும்போதே பொய் சொன்னதாகக் கருத இடம் உண்டு. முறை வந்து அங்கிருந்தபடியே கிரீன் கார்டுக்கு ஐ-485 தாக்கல் செய்த மாணவர், முன் அனுமதி இல்லாமல் ஊருக்கு வந்தால் அந்த விண்ணப்பத்தைக் கைவிட்டதாக ஆகிவிடும்.

படிவத்தை யார் நிரப்பினாலும் கையெழுத்தும் பொறுப்பும் உங்களுடையவை. நிரப்ப யார் உதவினார்கள் என்றும் அதிலேயே கேட்கிறார்கள். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே படியுங்கள். ஏஜென்ட்டுக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்குங்கள். அவர் வாட்ஸ்அப்பில் சொன்னவற்றை அழிக்காதீர்கள். சேவைக் குறைபாட்டுக்காக 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். வழிகாட்டுதலுக்கு நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் அழைக்கலாம். அங்கே வென்றால் பணம் திரும்பக் கிடைக்கலாம். ஆனால், அமெரிக்கா விதித்த தடையை நீக்கும் அதிகாரம் எந்த நுகர்வோர் ஆணையத்துக்கும் இல்லை.