குடியிருப்பு உருவாக்க ஆட்டம்

குடியிருப்பு உருவாக்க ஆட்டம் என்பது ஒரு சிறு குழுவினரை ஆளில்லாத இடத்தில் குடியமர்த்தி, உணவு, நீர், உறைவிடம், பாதுகாப்பு ஆகியவற்றை ஏற்படுத்தி, அவர்களைப் பிழைக்க வைக்கும் உருவகப்படுத்தல் வகை நிகழ்பட ஆட்டம் ஆகும். 1989 இல் வெளிவந்த சிம்சிட்டி போன்ற நகர் உருவாக்க ஆட்டங்களில் மக்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாகவே கணக்கிடப்படுவர். இவ்வகை ஆட்டங்களில் ஒவ்வொருவரும் தனி ஆளாகக் கணக்கிடப்படுகின்றனர். பலவற்றில் ஒவ்வொருவருக்கும் திறன், பசி, களைப்பு, மனநிலை ஆகியனவும் தனித்தனியே உண்டு. ஆட்டக்காரர் பொதுவாக ஆட்களை நேரடியாக இயக்குவதில்லை. செய்யவேண்டிய வேலைகளையும் அவற்றின் முன்னுரிமையையும் குறிக்கிறார்.

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ், ரிம்வேர்ல்ட், ஆக்சிசன் நாட் இன்க்லூடட், பேனிஷ்ட் ஆகியன இவ்வகையில் பரவலாக அறியப்பட்டவை. இவை அனைத்தும் சிக்கலானவை. எனினும் சிக்கல் ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் உள்ளது. புதிய ஆட்டக்காரர் இந்த வேறுபாட்டை அறிந்து தேர்ந்தெடுப்பது பயனுள்ளது.

இயங்குமுறை

இவ்வாட்டங்களின் அடிப்படை ஒன்றையொன்று சார்ந்த தொகுதிகள் ஆகும். விறகு வெட்டுபவர் நோயுற்றால் விறகு குறையும். விறகு குறைந்தால் குளிரில் மேலும் பலர் நோயுறுவர். அறுவடைக்கு ஆள் இராது. குடியிருப்பு அழியும்போது கண்ணுக்குத் தெரிவது பசி. ஆனால் காரணம் பல மாதங்களுக்கு முன் எடுத்த ஒரு முடிவாக இருக்கலாம். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலான இக்கால இடைவெளியே புதியவர்களுக்குப் பெரும் தடையாகிறது.

மெய்யுலக எடுத்துக்காட்டு: முத்துக்குளிப்பு முகாம்

இத்தகைய சார்புகளை விளங்கிக்கொள்ள மன்னார் வளைகுடாவின் தூத்துக்குடிக் கரையில் நடைபெற்ற முத்துக்குளிப்பு நல்ல எடுத்துக்காட்டாகும். முத்துச் சிப்பிகள் கடலடியில் பார் எனப்படும் பாறைத் திட்டுகளில் வாழ்கின்றன. சிப்பியை இளமையிலேயே எடுத்தால் முத்து சிறுத்திருக்கும். மிகவும் காலந்தாழ்த்தினால் சிப்பி இறந்து முத்து கடலடியில் வீணாகும். ஆகவே ஆங்கிலேயர் ஆட்சியில் மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றிலுள்ள முத்துகளை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்பட்டது.

அறிவிப்புக்குப் பின் வெறும் மணற்கரையில் ஓலைக் குடிசைகளாலான ஒரு தற்காலிக ஊர் எழும். குளியாட்கள், தோணிக்காரர், வணிகர், காவலர் எனப் பலரும் அங்கு கூடுவர். அனைவருக்கும் குடிநீர் வேண்டும். முத்தெடுப்பதற்காகச் சிப்பிகளை அழுகவிடுவது வழக்கமாதலால் ஈக்களும் துர்நாற்றமும் பெருகும். வாந்திபேதி பற்றிய அச்சம் எப்போதும் இருந்தது. கடலில் எவ்வளவு சிப்பி இருந்தாலும், கரையில் நீரும் துப்புரவும் தவறினால் முகாம் நிலைக்காது.

1928 க்குப் பின் 1955 வரை இக்கரையில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. 1955 இல் தொடங்கி 1961 இல் முடிந்த தொடரே இங்கு நடைபெற்ற இறுதிப் பெரும் முத்துக்குளிப்பு ஆகும். பாரில் வளர்ந்த சிப்பி இல்லையெனில், அதற்கான காரணம் இளஞ்சிப்பிகள் வந்து படிந்திருக்க வேண்டிய முந்தைய ஆண்டுகளில் தேடப்பட வேண்டும். மணல் மூடுதல், நீரோட்டம், சிப்பி தின்னும் உயிரினங்கள் எனக் காரணங்கள் பலவாக இருக்கலாம். ஆட்டத்தில் தோற்றால் மீண்டும் தொடங்கலாம். இக்கரையிலோ பல தலைமுறையினரின் தொழில் ஒன்று நின்றுபோயிற்று.

முதன்மையான ஆட்டங்கள்

பேனிஷ்ட்: லூக் ஓடோரோவிச் தனியொருவராக உருவாக்கி 2014 இல் வெளியிட்டது. போர் இல்லை, பணமும் இல்லை. உணவு, விறகு, உடை, கருவிகள், மக்கள்தொகை ஆகியவையே கணக்கு. புதிய வீடுகள் கட்டாவிடில் இளையோர் தனிக்குடித்தனம் செல்லமாட்டார்கள், பிறப்பு குறையும், முதியோர் இறக்கும்போது உழைப்பவர் இன்றி ஊர் சரியும். விதிகள் சில, விளைவுகள் மெதுவானவை.

ரிம்வேர்ல்ட்: தைனன் சில்வெசுட்டரின் லுடியன் ஸ்டுடியோசு உருவாக்கியது, முழுப் பதிப்பு 2018 இல் வெளிவந்தது. வழக்கமான தொடக்கத்தில் விண்கல விபத்தில் தப்பிய மூவர் ஒரு தொலைகோளில் இறங்குவர். இதில் மனித உறவுகளும் மனநிலையும் முதன்மை பெறுகின்றன. நிகழ்ச்சிகளைத் திட்டமிடும் 'கதைசொல்லி' ஒன்றை ஆட்டக்காரரே தெரிவு செய்யலாம். அவற்றுள் ஃபீபி என்பது இடர்களுக்கிடையே நீண்ட ஓய்வு தருவது.

ஆக்சிசன் நாட் இன்க்லூடட்: கனடாவின் கிளேய் எண்டர்டெயின்மென்ட் 2019 இல் முழுமையாக வெளியிட்டது. சிறுகோள் ஒன்றின் உட்பகுதியில் மூவருடன் தொடங்குகிறது. வளிமம், நீர்மம், வெப்பம், மின்சாரம் ஆகியவற்றின் ஓட்டத்தை ஆட்டக்காரர் வடிவமைக்க வேண்டும். கரியமில வளி கீழே தங்கும். ஐதரசன் மேலே செல்லும். தொடக்கத்தில் ஆக்சிசன் தரும் பாசி தீர்வதற்குள் மாற்று வழி காணவேண்டும். இயற்பியல், பொறியியல் ஆர்வமுள்ளோருக்கு ஏற்றது.

டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்: டார்ன் ஆடம்சு, சாக் ஆடம்சு ஆகிய உடன்பிறந்தோர் 2006 இல் முதலில் வெளியிட்டது. ஓர் உலகின் நிலவியலையும் வரலாற்றையும் உருவாக்கிய பின்னரே குள்ளர்களின் கோட்டை தொடங்கும். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012 இல் தன் தொகுப்பில் சேர்த்த ஆட்டங்களுள் இதுவும் ஒன்று. பழைய பதிப்பு எழுத்துக்குறிகளையே படங்களாகக் காட்டுவது, இலவசமானது. 2022 இல் வெளிவந்த விலைப் பதிப்பில் படங்களும் சுட்டிப் பயன்பாடும் பயிற்சிப் பகுதியும் உள்ளன.

தேர்ந்தெடுத்தல்

ஆட்டத்தில் எத்தனை வசதிகள் உள்ளன என்பதைவிட, தோல்விக்கான காரணத்தை ஆட்டக்காரர் கண்டறிய இயலுமா என்பதே புதியவருக்கு முதன்மையானது. அவ்வகையில் பின்வருவன உதவும்:

* கணக்கையும் திட்டமிடலையும் விரும்புவோர், அமைதியாகத் தொடங்க எண்ணுவோர்: பேனிஷ்ட்.
* கதையையும் மனிதர்களையும் விரும்புவோர்: ரிம்வேர்ல்ட்.
* குழாய், மின்சுற்று, வெப்பம் ஆகியவற்றின் காரண காரியத்தை ஆராய விரும்புவோர்: ஆக்சிசன் நாட் இன்க்லூடட்.
* ஆழமான உலகை அறிவதற்காக நீண்ட நாள் கற்கவும் பலமுறை தோற்கவும் ஆயத்தமானோர்: டுவார்ஃப் ஃபோர்ட்ரஸ்.

கணினியின் திறனையும் கருதவேண்டும். டுவார்ஃப் ஃபோர்ட்ரசின் பழைய பதிப்புக்கு வரைகலை அட்டை பெரிதும் தேவையில்லை. ஆயினும் குள்ளர்களின் எண்ணிக்கை கூடக்கூட மையச் செயலியின் சுமை பெருகி ஆட்டம் மந்தமாகும்.

முதல் குடியிருப்பு

முதல் முயற்சியில் குடியிருப்பு அழிவது இயல்பே. இந்நான்கிலும் ஆட்டத்தை இடைநிறுத்திவிட்டுக் கட்டளையிடலாம். இதனைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். மக்கள்தொகையை விரைந்து பெருக்காமல், முதலில் உணவிலும் நீரிலும் கையிருப்பு வைப்பது நன்று. அழிந்தபின் உடனே புதிதாகத் தொடங்காது, எப்பொருள் முதலில் குறைந்தது, அது ஏன் குறைந்தது எனப் பின்னோக்கிப் பார்த்தால் அடுத்த குடியிருப்பு நெடுநாள் நிலைக்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* உருவகப்படுத்தல்
* முத்துக்குளித்தல்
* மன்னார் வளைகுடா